பதினான்கு குடம் தூக்கியவர்

ராயபுரத்தில் மாடி அறைக்கு வாடகைக்கு வந்த மூன்றாம் நாள் காலை, தண்ணீர் லாரியின் பக்கத்தில்தான் இதை எழுதுகிறவன் செல்வநாதனை முதன்முதலில் பார்த்தான். குடத்தைத் தோளில் ஏற்றிய அவனுக்கு, வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் நின்றுகொண்டு அவர் பாடம் எடுத்தார். "கொடத்த இடுப்புல வெய்யி நைனா. தோள்ல வெக்கிறான் பாரு! கிராமத்து ஆளுன்ற, டிகிரி வேற வாங்கிக்கீற, இதுகூடவா தெர்ல?" அவர் முதுகுக்குப் பின்னால் அவருடைய மனைவி கிறிஸ்டினா இரண்டு குடங்களோடு படியேறிக்கொண்டிருந்தார். செல்வநாதன் திரும்பிப் பார்க்கவில்லை.

செல்வநாதனுக்கு ஒரு கொள்கை உண்டு. சின்ன வயதில் வீட்டு வேலை செய்த பிள்ளைதான் பெரியவனாகி உருப்படும், நாளைக்கு நல்ல தகப்பனாகவும் ஆகும். இதற்கு அவர் கையிலிருந்த ஒரே சான்று அவரேதான். கல்யாணம் ஆகப்போகும் ஜோடிகளுக்குப் அந்தப் பகுதி சர்ச்சான பங்குக் கோயிலில் நடக்கும் வகுப்பில் 'பொறுப்புள்ள பெற்றோர்' என்ற தலைப்பில் பதினோரு வருஷமாகப் பேசிவந்தார். ஏழு வயதில் விடியற்காலையில் எழுந்து தண்ணீர் தூக்கியது, கைக்குழந்தையாக இருந்த தம்பிக்குத் தூளி கட்டி ஆட்டியது, எல்லாம் வரும். முதல் வருஷம் நான்கு குடம் தூக்கினார். வருஷம் ஏற ஏறக் குடமும் ஏறியது. போன வருஷம் பதினான்கு. ஜோடியாகத்தான் வந்து பேச வேண்டும் என்பது விதி என்பதால் கிறிஸ்டினாவும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நடுவில் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டுவது அவர் பங்கு.

வீட்டிலும் அதே கொள்கைதான். மகன் ஆண்ட்ரூவுக்கு எட்டு வயதிலேயே ஷூ துடைப்பதிலிருந்து தட்டுக் கழுவுவது வரை எல்லாவற்றுக்கும் நேரம் குறித்துக் கொடுத்தார். வேலை சொல்வது அவர் பொறுப்பு, செய்வது ஆண்ட்ரூ பொறுப்பு, செய்ததை மறுபடி செய்வது கிறிஸ்டினா பொறுப்பு. ஆண்ட்ரூ இப்போது குவைத்தில் இருக்கிறான். போன் பண்ணினால் அம்மாவிடம்தான் பேசுவான்.

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் முப்பது வருஷம் கேட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர் செல்வநாதன். ஓய்வுக்குப் பிறகு நாற்பது பேர் வாயை மூடிக்கொண்டு அவர் பேச்சைக் கேட்கிற இடம் அந்த ஒரு மைக்தான் என்று ஆகிவிட்டது. அதற்கும் இந்த வருஷம் ஆபத்து வந்தது.

புதிதாக வந்த ஃபாதர் சொன்னார்: "பேச்சு போதும் சார், பசங்க தூங்குறாங்க. இந்த வாட்டி ஏதாவது செஞ்சு காட்டுங்க. நல்லா வந்தா நீங்களே தொடர்ந்து நடத்துங்க. இல்லன்னா வேற ஜோடியப் பாத்துக்கலாம்."

"தூளி கட்டிக் காட்டறேன் ஃபாதர்" என்றார் செல்வநாதன், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

பழைய பருத்திப் புடவையை மடித்துக் கொடுக்கும்போது கிறிஸ்டினா கேட்டார்: "ஏங்க, வூட்ல ஒருவாட்டி கட்டிப் பாத்துட்டுப் போலாமே?"

"ஏழு வயசுல கட்டுன கைடி இது. எனக்கே ட்ரெய்னிங்கா?"

ஞாயிற்றுக்கிழமை இருபது ஜோடிகள் வந்திருந்தன. இந்த முறை பெற்றோரையும் ஃபாதர் கூப்பிட்டிருந்தார். மாப்பிள்ளைகளில் ஒருவன் லூயிஸ், செல்வநாதனின் அக்கா மகன். அதனால் காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ரோசியும் கடைசி பெஞ்சில் இருந்தார். தம்பியின் பேச்சை அவர் கேட்பது இதுதான் முதல் தடவை. பதினைந்தாவது குடம் வந்தபோது ரோசிக்கு இருமல் வந்தது.

செல்வநாதன் மேஜைமேல் ஏறி, உத்தரத்துக் கம்பியில் புடவையைப் போட்டு, பார்சலுக்குக் கயிறு கட்டுவதுபோல இரண்டு முடிச்சுப் போட்டார். குழந்தைக்குப் பதிலாக ஐந்து கிலோ அரிசிப் பையை உள்ளே வைத்தார். "இப்ப ஆட்டணும்" என்று லேசாகத் தொட்டார். முடிச்சு அவிழ்ந்தது. பை தரையில் விழுந்து வெடித்தது. முன்வரிசையில் ஒரு பெண் "ஐயோ, கொயந்த!" என்று அலறிவிட்டாள்.

"டேய் செல்வா, தள்ளு" என்று ரோசி வந்தார். அவிழ்ந்த புடவையை இழுத்துச் சுற்றிக் கண்மூடித் திறப்பதற்குள் கட்டினார். லூயிஸ் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தான். அசையவில்லை.

"யாரும்மா கத்துக் குடுத்தாங்க?" என்றார் ஃபாதர்.

"யாரு கத்துக் குடுத்தா? சின்னத் தம்பி அழுதுகினு கெடந்தான், கட்டுனேன்."

"அப்ப சார்?" என்றாள் அலறிய பெண்.

"அவனும் வேல செஞ்சாம்மா, கோயில்ல பொய் சொல்லக் கூடாது. கொடத்தயெல்லாம் வரிசைல வெச்சிட்டுப் பக்கத்துல குந்திகினு இருப்பான். லாரி வந்தா கூவுவான். தூக்குறது நானு. ஆனா கூவுறதுல அவன அடிச்சிக்க இந்த ராயபுரத்துலயே ஆளு கெடையாது."

செல்வநாதன் மறுக்க வாயைத் திறந்தார். அந்தக் குடங்கள் ஒவ்வொன்றும் அவருக்கு நினைவிருந்தது. நசுங்கிய விளிம்பு, சிந்திய தண்ணீர், படிக்கட்டு. ஒவ்வொன்றும் மேலே போவதை அவர் பார்த்திருக்கிறார். ஆனால் இடுப்பில் ஏறிய கனம் மட்டும் எவ்வளவு தேடியும் நினைவுக்கு வரவில்லை. "நீ சொல்லேன்" என்பதுபோலக் கிறிஸ்டினாவைப் பார்த்தார். கிறிஸ்டினா பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் சாப்பாட்டு ஆட்டோ வந்து நின்றது. செல்வநாதனின் தொண்டை அவரைக் கேட்காமலே திறந்துகொண்டது. "வண்டி வந்துச்சேய்!" அங்கிருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பிறகுதான் சிரித்தார்கள்.

பதினோரு வருஷம் அவர் பேசியது பொய்யே அல்ல. சின்ன வயது வேலை ஒருவனை வாழ்க்கைக்குத் தயார் செய்யத்தான் செய்கிறது. குடத்தருகே குந்திக் கூவியவர் யார்டு வாசலில் கூவினார், அதற்குச் சம்பளமும் வாங்கினார். பிறகு வீட்டில் பெண்டாட்டி பிள்ளையிடம் கூவினார். தூக்கக் கற்றவர்கள் தூக்கிக்கொண்டே இருந்தார்கள்.

இப்போது அந்த வகுப்பை ரோசியும் கிறிஸ்டினாவும் நடத்துகிறார்கள். அறுபத்திரண்டு வயதாகும் செல்வநாதன் வாசலில் நின்று, சாப்பாட்டு ஆட்டோ வந்ததும் குரல் கொடுக்கிறார். தண்ணீர் லாரி வரும் நாள்களில் ஒரு குடம் அவரே தூக்குகிறார், தோளில் வைத்து.