பலாச்சுளை டின்னில் குரோமியம்

சோபனா குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டில் பிறந்தவள். வேதியியல் படித்துவிட்டு ராணிப்பேட்டையில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தாள். பல வருஷம் அவள் பார்த்ததெல்லாம் தோல்தான். வெளிநாட்டுக்குப் போகும் ஷூ தோலை அரைத்து, அமிலத்தில் கரைத்து, மெஷினில் கொடுத்து, குரோமியம் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். குரோமியம் போட்டுத்தான் தோலையே பதனிடுகிறார்கள். அதனால் எண் பெரிதாக வந்தாலும் அவளுக்குப் படபடப்பு வந்ததில்லை.

கூடத்தில் உணவுப் பிரிவு தொடங்கியபோது மேலாளர் வேதாசலம் அவளைத்தான் அங்கே போடச் சொன்னார்.

“வேணாம் சார். மனுஷன் வாய்க்குள்ள போற பொருள். எனக்கு பயமா இருக்கும்” என்றாள்.

“பயப்படற ஆள்தான் எனக்கு வேணும்” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

பாகாயத்தில் அவள் வீடு. காலையில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுப் பஸ் ஏறினால், நாள் முழுக்க டின் உணவுகளோடுதான் பாடு. மீன் டின், பட்டாணி டின், மாம்பழக்கூழ். டின்னின் தகரமோ பற்றவைத்த ஈயமோ உள்ளே இருப்பதில் இறங்கியிருக்கிறதா, தண்ணீர் வழியாக வேறேதும் வந்திருக்கிறதா என்று பார்ப்பாள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதில் அவளுக்கு ஒரு தனி சந்தோஷம் இருந்தது.

அப்படி ஒரு நாளில்தான் குர்ஷித் வந்தாள். பேரணாம்பட்டுக்காரி, ஐம்பது வயதிருக்கும். ஷூ கம்பெனியில் தையல் சூப்பர்வைசராக இருந்தவள். கம்பெனி மூடியதும் கூட வேலை பார்த்த பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு கொட்டகை போட்டு, ஏலகிரிப் பலாச்சுளையைச் சர்க்கரைப் பாகில் டின்னில் அடைக்கத் தொடங்கியிருந்தாள். துபாயில் ஒருவர் வாங்கத் தயார். உலோகப் பரிசோதனை மட்டும் வேண்டுமாம். டின்களைத் துணிப்பையில் போட்டு அவளே பஸ்ஸில் கொண்டுவந்திருந்தாள்.

“ஒண்ணு பிரிச்சு சாப்ட்டுப் பாருங்க மேடம். மெஷினுக்கு மட்டும் குடுத்தா எப்படி?”

சோபனா சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. ஈயம் இல்லை. தகரம் சொற்பம். குரோமியம் மட்டும் எக்கச்சக்கம். வேறு டின்களைப் பிரித்துப் பார்த்தாள். அதிலும் அப்படியே. எண் முன்பின்னாக இருந்ததே தவிர, எதுவும் சாப்பாட்டுப் பொருளில் இருக்கவேண்டிய எண்ணாக இல்லை.

வேதாசலம் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “எந்தத் தண்ணில பாகு காய்ச்சறாங்க?”

“கொட்டகைப் பக்கத்துல கிணறு இருக்குதாம் சார்.”

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. பாலாற்றுப் பக்கத்தில் கிணறு என்றதும் யார் மனதிலும் முதலில் ஓடுவது தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுதான். சோபனாவுக்கும் அதுதான் ஓடியது. இப்படிப்பட்ட செய்தியைப் போனில் சொல்லிப் பழக்கமில்லாததால் குர்ஷித்தை நேரில் வரச் சொன்னாள்.

வந்த குர்ஷித்திடம், டின்னில் குரோமியம் இருக்கிறது, கிணற்றின் மேல்தான் சந்தேகம் என்று சொன்னாள். சரக்கு போயிற்றே என்று அழுவாள் என சோபனா எதிர்பார்த்தாள். அவள் சொன்னது வேறு.

“அந்தக் கிணத்துத் தண்ணியத்தான் எங்க தெருவே குடிக்குது மேடம். புள்ளைங்க, மாசமா இருக்கற பொண்ணு, எல்லாரும். கிணறு வெட்டினது நானு. எல்லாரையும் வந்து எடுத்துக்கங்கன்னு கூப்ட்டதும் நானு.”

அன்று சாயங்காலமே கிணற்றை மூடிப் பூட்டுப் போட்டுவிட்டாள். காரணம் கேட்டவர்களிடம் உள்ளதைச் சொன்னாள். தெருவில் பாதிப் பேர் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். ஒரு கேனில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, மறுநாள் கூடத்தில் கொடுத்துவிட்டுப் போனாள். செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு அவள் வாசலைத் தாண்டியதை சோபனா பார்த்தாள். வீட்டுக்குப் போயும் அந்தச் செருப்புதான் கண்ணில் நின்றது. மகள் கேட்டது எதுவும் காதில் விழவில்லை.

தண்ணீரைச் சோதித்தபோது குரோமியம் இல்லை. சோபனா நம்பவில்லை, மறுபடி ஓட்டினாள். இல்லவே இல்லை. சந்தோஷப்படலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். தண்ணீரில் இல்லாதது சுளைக்குள் எப்படி வந்தது?

மீதமிருந்த ஒரு டின்னைப் பிரித்தாள். இந்த முறை பாகைத் தனியாக வடித்து அப்படியே அமிலத்தில் கரைத்தாள். சுளையை வழக்கம்போல அரைத்துக் கரைத்தாள். பாகில் ஒன்றுமில்லை. சுளையில் எக்கச்சக்கம். வாரக்கணக்காக ஒரே டின்னில் ஒன்றாக ஊறிக் கிடந்தவை. ஒன்றில் இருந்தால் மற்றதிலும் இருந்தாக வேண்டும். இரண்டுக்கும் இடையில் அவள் செய்த வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான்: சுளையை அரைத்திருந்தாள்.

அவள் மிக்ஸியைத் திரும்பிப் பார்த்தாள். உணவுப் பிரிவின் மிக்ஸியில் பிளேடு உடைந்து, பழுது பார்க்கப் போயிருந்தது. அதுவரைக்கும் இருக்கட்டும் என்று தோல் பிரிவிலிருந்து ஒன்றை வாங்கியிருந்தார்கள். கழுவித் துடைத்துப் பளபளவென்று கொடுத்தார்கள். அவளும் ஒருமுறை கழுவினாள்.

டிபன் பாக்ஸைத் திறந்து, வெறும் சோறு ஒரு பிடி எடுத்து அதே மிக்ஸியில் அரைத்தாள். இன்னொரு பிடியைப் பீங்கான் உரலில் மசித்தாள். இரண்டையும் கரைத்து மெஷினில் வைத்தாள். மசித்த சோறு சுத்தம். மிக்ஸியில் அரைத்த சோற்றில் குரோமியம்.

மூடியின் ரப்பர் வளையத்தைக் கத்தியால் நெம்பி எடுத்தாள். அடியில், குரோமியத்தில் பதனிட்ட தோலுக்கே உரிய நீல நிறத்தில் தோல் தூள் அப்பியிருந்தது.

“சார்!” என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்தவர்கள்கூட எழுந்து வந்தார்கள். வேதாசலம் அந்த ரப்பரை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, “அப்பாடா” என்றார். அப்புறம்தான் அவர் முகம் மாறியது. “இந்த மிக்ஸியில வேற இன்னா இன்னா அரைச்சோம்?”

“ஒரு பட்டாணி, ஒரு மீனு. ரெண்டும் இன்னும் ரிப்போர்ட் போகல சார். திரும்பப் பண்ணிடறேன்.”

குர்ஷித்தின் சுளைகளைப் பீங்கான் உரலில் மசித்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தாள். குரோமியம் இருந்தும் இல்லாததுமாக ஏதோ துளி, எந்தச் சாப்பாட்டுப் பொருளிலும் இருக்கிற அளவுதான். போன் எடுக்க மனம் வரவில்லை. நேரே பஸ் ஏறினாள். பேரணாம்பட்டில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனபோது, குர்ஷித் கொட்டகை வாசலில் காலி டின்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, உங்க கிணத்துல ஒண்ணுமில்ல. சுளையிலயும் ஒண்ணுமில்ல. தப்பு எங்க மிக்ஸியில. தோல் அரைச்ச மிக்ஸி.”

குர்ஷித் டின்களைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “நெஜமாவா?”

“எழுதிக் கையெழுத்து போட்டு கொண்டாந்திருக்கேன்.”

“யா அல்லா!” என்று நெஞ்சில் கை வைத்தவள், மறுகணம் சோபனாவின் தோளில் ஓர் அடி போட்டாள். நிஜமாகவே வலித்தது. “ஒரு வாரமா சோறு எறங்கல எனக்கு! தெருவே என்னை பேஜார் பண்ணிட்சு. மிக்ஸியாம், மிக்ஸி!” என்று திட்டிக்கொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

சோபனா தானே தெருவுக்குள் நடந்து, கதவு கதவாகத் தட்டி, தப்பு தங்கள் பக்கம்தான் என்று சொன்னாள். ஒரு கிழவர் மட்டும் நம்பாமல் இரண்டு முறை கேட்டார். பின்னாலேயே வந்த குர்ஷித் சாவியை அவரிடமே கொடுத்து, “நீங்களே தெறங்க” என்றாள். பழைய துருப்பிடித்த பூட்டு முரண்டு பிடித்தது. திறந்ததும் யாரோ வாளியை இறக்கினார்கள். முதல் செம்புத் தண்ணீரை சோபனா வாங்கி, எல்லார் கண் எதிரிலும் மடமடவென்று குடித்தாள்.