பத்தொன்பது பதவிகளும் ஒரு ஒழுங்கையும்

அச்சுவேலிப் பக்கம் எங்கள் வாசிகசாலை இளைஞர் மன்றத்துக்கு நான் செயலாளராக இருந்த காலம். மழை தொடங்குமுன் எங்கள் வீட்டுக்கு வரும் ஒடுங்கிய மண்பாதையான ஒழுங்கைக்குக் கல்லும் கிரவலும் போட்டாக வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முந்திய மாரியில், சேற்றில் இறங்கிய வாடகைக் கார் அசையவே இல்லை. ஆசுப்பத்திரியைக் காணாமலே அக்காவின் முதல் பிள்ளை போய்விட்டது. இப்போது அவளுக்கு மறுபடி ஏழு மாதம்.

ஊரே கூலியில்லாமல் கூடிச் செய்யும் சிரமதானத்துக்குத் தொண்டர் சேர்க்கச் சைக்கிளில் வீடு வீடாக அலைந்தேன். எல்லோரும் ஓம் என்றார்கள். வெறும் தொண்டராக வரத்தான் ஒருவனுக்கும் மனமில்லை. ஒருவன் வெளிப்படையாகவே கேட்டான்.

“நோட்டீசிலை என்ரை பேர் எந்தப் பதவிக்குக் கீழை வரும்?”

நியாயந்தான். அந்த நோட்டீசு சம்பந்தம் பேசும் வீடுகளுக்கும் போகும். ஆகவே உபதலைவர் ஐந்து பேர், இணைச் செயலாளர் நாலு பேர், கல் சுமக்கும் ஓலைக் கடகத்துக்கு ஒரு பொறுப்பாளர், மண்வெட்டிக்கு ஒருவர், தேத்தண்ணிக்கு மேற்பார்வையாளர் என்று பத்தொன்பது பேரைச் சேர்த்தேன். அடுத்தது பயிற்சி: வரிசையில் நின்று கல்லுக் கடகத்தைக் கைமாற்ற வேண்டும். யார் முன்னுக்கு நிற்பது என்று சண்டை வந்ததால் வரிசையை வட்டமாக்கினேன். கடகம் ஒரு சுற்றுச் சுற்றி என் கைக்கே திரும்பி வந்தது.

சிரமதானத்தன்று காலை ஏழு மணிக்குக் குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பிறகு பதவிப்படி பேச்சு. பத்து மணிக்கு ஐந்தாவது உபதலைவர் உழைப்பின் மேன்மையை விளக்கிக்கொண்டிருந்தார். கிரவல் குவியல் குவித்தபடியே கிடந்தது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

அக்கா வீட்டு வாசல் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். அந்த வயிற்றோடு சிரமப்பட்டுக் குனிந்து, கடகத்தில் கிரவலை அள்ளிப் பள்ளத்தில் கொட்டினாள். திரும்பிப் போய் மறுபடியும் அள்ளினாள். முதலில் ஓடியது பேசிக்கொண்டிருந்த உபதலைவர்தான். மற்றவர்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விழுந்தடித்து ஓடினார்கள். மழைக்கு முன் பள்ளமெல்லாம் நிரம்பி ஒழுங்கை நிமிர்ந்துவிட்டது. கார்த்திகையில் கார் படலைவரை வந்து அக்காவை ஏற்றிப் போனது. மருமகள் சுகமாகப் பிறந்தாள்.

ஆனால் அன்று நான் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வந்தது வெட்கமல்ல, கோபம். மூன்று நாள் இருந்து எழுதிய நன்றியுரை சட்டைப்பையில் கிடந்தது. கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா என்று அவளிடமே போய்க் கேட்டேன்.

அவள் நிமிர்ந்து, இடுப்பில் கையூன்றி மூச்சு வாங்கினாள்.

“நீ வாசி, தம்பி. நான் இதைக் கொட்டிப்போட்டு வந்து கேக்கிறன்.”