போடிமெட்டு வளைவில் விழுந்த அடி

எண்பதுகளில் போடியில் சைக்கிள் பந்தயத்துக்குப் பயிற்சி எடுத்த பெண் நான் ஒருத்திதான். சேற்றிலும் கல்லிலும் ஓட்டி, முடியாத இடத்தில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிற பந்தயம் அது. அதற்காகத் தினமும் காலையில் போடிமெட்டு ரோட்டில் ஏறி, ஏலத்தோட்டத்துப் பாதைகளில் இறங்குவேன்.

எனக்கு நிச்சயித்திருந்த மாமன் மகனுக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் வளைவில் என்னை மறித்தான்.

"தொடை தெரிய ஊரு மேயிறியாடி?"

முடியைப் பிடித்துக் கீழே தள்ளி, வயிற்றில் மிதித்தான். பாறாங்கல்லைத் தூக்கி முன்சக்கரத்தில் போட்டான். கம்பிகள் தெறித்தன. அடுத்த கல்லை என் முழங்காலுக்கு ஓங்கினான்.

அப்போது தோட்டத்துக்கு ஆளேற்றிப்போன ஜீப்பு வந்து நின்றது. முன்பின் தெரியாத ஓர் அக்கா குதித்திறங்கி அவன் கையைப் பிடித்தார். அவன் அவர் வாயில் குத்தினான். பல் உடைந்து ரத்தம் கொட்டியும் அவர் பிடியை விடவில்லை. ஜீப்பிலிருந்த மற்ற பெண்களும் ஓடிவந்து அவனை மண்ணில் தள்ளி மிதித்தார்கள். அவன் அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் அழுதேன். அக்கா ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கேட்டார்:

"தெனமும் ஜீப்புலருந்து ஒன்னப் பாத்துக்கிட்டுத்தான் போறோம். பந்தயம் என்னைக்கு ஆத்தா?"

"ஞாயித்துக்கெழமக்கா. சக்கரம் போச்சே!"

"சக்கரந்தான போச்சு? காலு இருக்குல்ல? வெரசா எந்திரி."

கல்யாணம் நின்றுபோனது. இரவல் சக்கரத்தில் ஓட்டி, அந்தப் பந்தயத்தில் கடைசியாக வந்தேன். பின்னாளில் பந்தயமே என் பிழைப்பானது. அந்த வளைவில் விழும்வரை, இதைத் தனியாளாக ஓட்டுகிற விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன்.