நீலக் கோட்டும் முக்கால் இஞ்ச் இறக்கமும்

தையல் மெஷின் மக்கர் செய்தால் எங்கே எண்ணெய் விடணும் என்று எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்; தைக்கிற ஆள் முறைத்துக்கொண்டால் எங்கே விடணும் என்று யாருமே சொல்லித் தருவதில்லை.

திண்டுக்கல்லிலிருந்து சின்னாளப்பட்டி போகிற வழியில் இருக்கிற சட்டைக் கம்பெனியில் நான் டெய்லராகச் சேர்ந்தேன். கான்வென்ட்டில் படித்ததால் அளவுத்தாளில் இருக்கும் இங்கிலீஷ் எனக்குப் புரியும். அந்த ஒரே காரணத்துக்காக ஒருநாள் முப்பது பேர் தைக்கிற லைனுக்கு என்னைச் சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். மூன்று மாதம் சோதனை. தேறினால் சூப்பர்வைசர் போடும் நீலக் கோட்டு, நிரந்தரப் பகல் வேலை. தேறாவிட்டால் மறுபடி மெஷின். வாரம் விட்டு வாரம் ராத்திரி பத்து மணி வரை ஷிஃப்ட். கம்பெனியின் குழந்தைக் காப்பகத்தை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். என் பாப்பாவுக்கு ரெண்டரை வயசு. அவள் அப்பா லாரியில் ஊர் ஊராய்ப் போகிறவர். ஆறு மணிக்கு மேல் அவளை வைத்துக்கொள்ள ஆளே கிடையாது. அந்த நீலக் கோட்டு எனக்கு ஏன் அவ்வளவு அவசியம் என்று இப்போது புரிந்திருக்கும்.

தலைமை தாங்குவது என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்ததெல்லாம் ரெண்டு இடத்திலிருந்து வந்தது. ஒன்று, பள்ளி விடுதியை நடத்திய சிஸ்டர்கள். இன்னொன்று, அந்த சிஸ்டர்களுக்குத் தெரியாமல் போர்வைக்குள் டார்ச் அடித்துப் படித்த நாவல்கள். உங்களையும் யாராவது திடீரென்று முப்பது பேருக்கு முன்னால் நிறுத்தியிருந்தால் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

இன்ஸ்பெக்டர் நடை

நான் படித்த துப்பறியும் நாவல்களில் இன்ஸ்பெக்டர் சண்பகவல்லி என்று ஒருத்தி வருவாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாக நடப்பாள். சட்டென்று ஒருவன் முதுகுக்குப் பின்னால் நிற்பாள். அவன் தானாகவே உண்மையைக் கக்கிவிடுவான்.

முதல் நாள் நானும் அப்படியே நடந்தேன். ஒவ்வொரு மெஷினுக்கும் பின்னால் நின்று, பேசாமல் பார்த்து, அடுத்ததற்கு நகர்ந்தேன். மூன்றாவது சுற்றில் பாக்கெட் தைக்கும் பாண்டியம்மாக்கா மெஷினை நிறுத்தினார். ஊர் சாணார்பட்டிப் பக்கம். விடியுமுன் சொந்தத் தோட்டத்தில் மல்லிகை பறித்துப் போட்டுவிட்டு, கம்பெனி வேன் ஏறி வருகிறவர். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏங்கண்ணு, எதையாச்சும் தொலைச்சிட்டியா? என்னன்னு சொல்லு, நாங்களும் சேந்து தேடுறோம்."

தளபதியின் வீர உரை

அடுத்த வாரம் சரித்திர நாவலுக்குத் தாவினேன். அதில் தளபதி குதிரைமேல் இருந்தபடி பேசுவான். சோர்ந்து கிடந்த படை சிலிர்த்து எழும். எனக்குக் குதிரைக்குப் பதில் துணிப்பெட்டி. அதன்மேல் ஏறி, "இன்னைக்கு டார்கெட்டை நாம ஜெயிச்சுக் காட்டணும்! பக்கத்து லைன் நம்மளப் பாத்து மலைச்சு நிக்கணும்!" என்று கையை உயர்த்தினேன். பக்கத்து லைன் மலைத்துத்தான் நின்றது. என் லைனும் கூடவே நின்றது. ஒருத்தி கைதட்டினாள். கிண்டலா நிஜமா என்று இன்றுவரை தெரியவில்லை.

இறங்குவதற்குப் பாண்டியம்மாக்காதான் கை கொடுத்தார். "நல்லாத்தேன் பேசுன ஆத்தா. நீ பேசுன நேரத்துல பதினாறு பாக்கெட் வச்சிருப்பேன்."

மணி அடித்தால்

சரி, நாவல் வேண்டாம், சிஸ்டர்களிடமே போவோம் என்று முடிவு செய்தேன். அவர்கள் சபையில் ஒரு விதி உண்டு. மணி அடித்தால் எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தைக்கூடப் பாதியில் விட்டு எழுந்துவிட வேண்டும். அந்த ஒழுங்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். டீ இடைவேளை மணி அடித்ததும் எல்லோரும் அப்படியே கையை எடுத்துவிட வேண்டும் என்று, சிஸ்டர்கள் கதையையும் சேர்த்துச் சொல்லிவைத்தேன்.

எடுத்தார்கள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், பாதியில் விட்ட காலர் எல்லாம் விலகி, திரும்பத் தைத்தது ஒரு வளைவும் நெளிவுமாய் வந்திருந்தது. காலர் தைக்கும் செல்வி, ஆத்தூர்க்காரி, வாய் கொஞ்சம் நீளம், ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்:

"உங்க சிஸ்டரு பாதி எழுத்துல எந்திரிச்சா கடவுளு மீதியப் படிச்சுக்குவாருக்கா. பாதிக் காலர்ல எந்திரிச்சா இதப் போடுறவன் கழுத்தக் கோணிக்கிட்டுல்ல திரியணும்?"

கடைசித் தட்டு

சிஸ்டர்களுக்கெல்லாம் தலைவியான எங்கள் மதர் சுப்பீரியர் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் தட்டு எடுப்பார். நானும் கேன்டீனில் லைன் முழுக்கச் சாப்பிடும்வரை சுவரோரம் நின்றேன். மூன்று நாளும் எனக்கு வெறும் ரசமும் சோறும்தான் மிஞ்சியது. பசியில் சாயந்திரமானால் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். நாலாம் நாள் பாண்டியம்மாக்கா தட்டு நிறையச் சோறும், கூட்டு பொரியல் என்று வெஞ்சனமுமாய்க் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

"மொத ஆளாத் தின்னுரு தாயி. நீ பட்டினி கெடக்குற புண்ணியம் ஒனக்கு, வசவு மட்டும் எங்களுக்கா?"

வெள்ளிக்கிழமைப் பழக்கம்

சிஸ்டர்களின் இன்னொரு வழக்கத்தை நான் மறைந்திருந்து பார்த்ததுண்டு. வெள்ளிக்கிழமை சாயந்திரம் சாப்பாட்டு அறையில் கூடுவார்கள். ஒவ்வொருவரும் எழுந்து, அந்த வாரம் தான் செய்த தப்பைத் தன் வாயால் சொல்ல வேண்டும். அடுத்தவர் தப்பைச் சொல்லக்கூடாது. முதலில் எழுவது மதர்தான். "சமையல் சிஸ்டர்கிட்ட சிடுசிடுத்தேன்" என்று அவர் தலைகுனிந்து சொன்னதைக் கேட்டு, வாசல் திரைக்குப் பின்னால் நான் சிரிப்பை அடக்க முடியாமல் ஓடியிருக்கிறேன்.

சோதனைக் காலத்தின் கடைசி வாரம். தைத்து முடித்த முந்நூறு சட்டையிலும் பாக்கெட் முக்கால் இஞ்ச் இறங்கி இருந்தது. மேனேஜர் ஒரு சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பாக்கெட் யாரு, பாண்டியம்மாதானே?" என்றார்.

பாக்கெட் வைக்கிற இடத்தைக் குறிக்கும் அட்டையை வெட்டித் தந்தது நான். அளவுத்தாளில் தோளின் உச்சியிலிருந்து அளக்கச் சொல்லியிருந்ததை, முன்பக்கம் இறங்கியிருக்கும் தையலிலிருந்து அளந்துவிட்டேன். எந்த இங்கிலீஷுக்காக என்னைச் சூப்பர்வைசர் ஆக்கினார்களோ, அதே இங்கிலீஷை அவசரத்தில் சரியாகப் படிக்கவில்லை. பேசாமல் நின்றால் போதும், பழி அக்காவோடு போய்விடும். சண்பகவல்லியாக இருந்தால் இந்நேரம் விலங்கை எடுத்திருப்பாள். காப்பகத்தின் பூட்டு என் கண்முன் வந்து தொங்கியது. கூடவே, தலைகுனிந்து நின்ற மதரும் வந்தார்.

"அட்டை நான் வெட்டினது சார். அளவைத் தப்பாப் பாத்தது நான். அவங்க அட்டைப்படிதான் தச்சாங்க."

"நாளைக்கு மத்தியானம் லாரி. அதுக்குள்ள சரியாகலேன்னா திங்கக்கெழமை நீ மெஷின்ல ஒக்காரும்மா" என்றார் மேனேஜர்.

பாண்டியம்மாக்கா எழுந்தார். "சார், மொத பண்டில்லயே எனக்குத் தெரியும், பாக்கெட்டு தொங்குதுன்னு. இங்கிலீஷ் படிச்ச புள்ளைக்கு நம்ம என்னத்தச் சொல்றதுன்னு வீம்பா இருந்துட்டேன். தப்பு எம்மேலயும் இருக்கு." செக்கிங் பார்க்கும் பெண் எழுந்தாள்: "நானும் பாத்தேன் சார். வேன் போயிரும்னு தள்ளி விட்டுட்டேன்." செல்வியும் எழுந்து, "நேத்து கேன்டீன்ல காணாமப் போன ரெண்டு வடை..." என்று ஆரம்பித்தாள். மேனேஜர் சட்டையைப் போட்டுவிட்டுப் போயேவிட்டார்.

எல்லோரும் பாக்கெட்டைப் பிரிக்க உட்கார்ந்தோம். பிரித்து, ஏற்றித் தைத்து, பழைய ஊசித் துளை அடங்கும்வரை தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டோம். ஆறு மணிக்குப் பத்து நிமிஷம். இன்னும் பாதி கிடந்தது. தலைவி கடைசியாகப் போக வேண்டும், அம்மா முதலில் போக வேண்டும். ரெண்டுமாக நான் கத்திரியைப் பிடித்தபடி நின்றேன். பாண்டியம்மாக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை:

"எந்திரிச்சு ஓடுடி, புள்ள ஏங்கிப்போவா. இங்க நின்னு அளக்குற வேலைய மட்டும் நீ பாத்துராத."

புதுக் கோட்டு

மறுநாள் மத்தியானம் லாரி கிளம்பியது. முந்நூறு சட்டையும் அதில் போனது.

திங்கட்கிழமை மேனேஜர் ஒரு காகிதப் பையை நீட்டி, "பயப்படுற ஆளுன்னு நெனச்சேன்" என்றார். நான் பயப்படுகிற ஆள்தான் சார் என்று சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பாப்பா தூங்கியபின் இதை எழுத உட்கார்ந்த இந்த ராத்திரியும், நாளைய அளவுத்தாளை மூன்று முறை படித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

அன்றைக்கு, பைக்குள் இருந்த நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு லைனுக்குள் நுழைந்தேன். முப்பது மெஷினும் நின்றன. பாண்டியம்மாக்கா எழுந்து வந்தார். கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து, என் தோள் உச்சியில் ஒரு நுனியை வைத்து, கோட்டுப் பாக்கெட் வரை நிதானமாக அளந்தார்.

"முக்கால் இஞ்ச் எறங்கித்தேன் இருக்கு கண்ணு. இதுக்கும் நீதேன் அட்டை வெட்டுனியா?"

இன்ஸ்பெக்டர் சண்பகவல்லி எந்த நாவலிலும் 'தப்பு என்னுது' என்று சொன்னதே இல்லை. பாவம், அவளுக்குச் சொந்தமாக ஒரு லைன் வாய்க்கவில்லை.