ஆணியில் ஒட்டிய பச்சைப் பெயிண்ட்

காலை 6.40. தருமபுரி பேருந்து நிலையத்தில் டீ பன்னிரண்டு ரூபாய். குடித்து முடிப்பதற்குள் நிர்மலா தன் பழைய வெள்ளைக் காரோடு வந்துவிட்டார். கல்லூரியொன்றில் இயற்பியல் பேராசிரியர். மாவட்டம் முழுக்க வீடு வீடாகப் போய் இயற்கைக் கதிர்வீச்சை அளப்பது அவருடைய ஆராய்ச்சி. ஒரு நாளாவது கூட வருகிறேன் என்று நச்சரித்தது நான். பின் இருக்கை முழுக்கக் கருவிகள் இருந்ததால், என் பையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

பாப்பிரெட்டிப்பட்டி சாலையில் எனக்குப் பாடம் நடந்தது. பாறையிலும் மண்ணிலும் இயல்பாகவே கொஞ்சம் யுரேனியம் உண்டு. அது சிதையும்போது ரேடான் என்ற கதிர்வீசும் வாயு வெளிவரும். நிறமில்லை, மணமில்லை. திறந்த வெளியில் காற்றோடு கலந்துவிடும். மூடிய அறையில் தேங்கும். ஆண்டுக்கணக்கில் நிறையச் சுவாசித்தால் நுரையீரலுக்கு ஆகாது. அதை அளக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஒரு துண்டு பிலிம். மூன்று மாதம் வீட்டுச் சுவரில் தொங்கினால் பிலிமில் கதிர் பட்டுத் தழும்பு விழும். அந்தத் தழும்புகளை மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாக எண்ணுவாராம்.

"கண்ணு போயிடாதா?" என்றேன்.

"கண்ணாடி மாத்திட்டேன், ரெண்டு தடவை" என்றார். எனக்கு மின்கட்டண ரசீதைப் படிக்கவே பொறுமை கிடையாது.

காலை 8.30. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஏழு கிலோமீட்டர், சித்தேரி மலையடிவாரம். மாதம்மாள் வாசலிலேயே காத்திருந்தார். மஞ்சளும் மரவள்ளியும் போடும் குடும்பம். கற்சுவர் வைத்த பழைய வீடு, புதிதாக அடித்த பச்சைப் பெயிண்ட். இந்த வீட்டு டப்பாவில் மட்டும் மற்ற வீடுகளைப்போல மூன்று மடங்கு தழும்பு. மறுபடி அளக்க வருகிறோம் என்று நிர்மலா அனுப்பிய கடிதம் எப்படியோ வாட்ஸ்அப்பில் சுற்றி, அரூரில் இருக்கும் சம்பந்தியம்மாவின் கைக்குப் போய்விட்டது.

"வளையல் பூட்டி ரெண்டு வாரம் ஆச்சுங்க மேடம். பொண்ணக் கூட்டியாந்திருக்கணும். கதிர் அடிக்கிற வூட்டுக்கு மருமவள அனுப்ப மாட்டேன்னு அந்தம்மா ஒரே புடியா நிக்குது. தலப்பிரசவம். எம்பொண்ணு போனுல அழுவுது." சொல்லும்போதே மாதம்மாளுக்கும் கண் கலங்கிவிட்டது.

நிர்மலா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. கூடத்துச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன கல்நெஞ்சம் என்று நினைத்தேன். அப்புறம் கேட்டார்:

"டப்பா இந்த ஆணியிலதான தொங்குச்சு?"

"ஆமாங்க."

"ஆணி மேலயும் பெயிண்ட் இருக்குதே. பெயிண்ட் அடிக்கையில டப்பாவ எங்க வெச்சீங்க?"

மாதம்மாள் முந்தானை நுனியைத் திருகினார். மார்கழிக் கடைசியில் மாட்டிய டப்பா. பொங்கலுக்குச் சுவருக்கு வண்ணம் அடித்தபோது, அதில் பெயிண்ட் படக்கூடாதென்று கழற்றி, வீட்டிலேயே பத்திரமான இடத்தில் வைத்திருக்கிறார்: ராகி மூட்டை அடுக்கும் அறை. மண் தரை, கற்சுவர், சன்னல் கிடையாது. எலி நுழையாதபடி கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். பங்குனியில் டப்பாவை வாங்க ஆள் வருகிறார் என்று தெரிந்ததும் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டார்.

"வெலை ஒசந்த சாமான், கெட்டுப்போச்சுன்னா கோவிச்சுக்குவீங்கன்னுதாங்க..."

"எடம் மாத்துனீங்களான்னு கேக்காதது என் தப்புங்க" என்ற நிர்மலா, நோட்டிலும் அப்படியே எழுதினார். தன் தப்பைப் பேனாவால் எழுதும் பேராசிரியரை நான் அன்றுதான் பார்த்தேன்.

காலை 9.15. டிபன் கேரியர் உயரத்தில் ஒரு கருவி. காற்றை உறிஞ்சி அப்போதைக்கப்போது அளவு காட்டும். மூன்று மணி நேரம் கூடத்தில், மூன்று மணி நேரம் ராகி அறையில். நடுவில் எங்களுக்குக் களியும் கீரைக் கடைசலும் கிடைத்தன. நான் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தேன். எழுந்தபோது நிர்மலா கருவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிக்கொண்டிருந்தார்.

மாலை 3.40. கூடம் மற்ற வீடுகளைப் போலத்தான். ராகி அறையில்தான் அந்த மூன்று மடங்கு.

"அங்க யாருங்க படுக்கறா, ராகி மூட்டதான்" என்று மாதம்மாள் அன்று முதன்முறையாகச் சிரித்தார். உடனே அரூருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

சம்பந்தியம்மா கறாரான குரல். "மேடம், அந்த வூட்டுல ஒண்ணும் இல்லன்னு சத்தியம் பண்ணுங்க. இப்பவே அனுப்பறேன்."

"சத்தியம் பண்ண மாட்டேங்க" என்றார் நிர்மலா. மாதம்மாளின் முகம் தொங்கிவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் குடியா முழுகிவிடும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அளந்தத மட்டும் சொல்றேன். பொண்ணு படுக்கப்போற கூடத்துல எல்லா வூட்டுலயும் இருக்கற அளவுதான் இருக்குது. ராகி ரூம்ல அதிகம். அங்க சன்னல் வெக்கச் சொல்லியிருக்கேன். இது ஒரு நாள் கணக்கு. புது டப்பா மாட்டிட்டுப் போறேன், மூணு மாசம் கழிச்சு இன்னும் சரியாத் தெரியும். என் மவளா இருந்தா இந்தக் கூடத்துல படுக்க வெப்பேன்."

"பொய் சொல்றதா இருந்தா சத்தியம் பண்ணியிருப்பீங்க" என்றது குரல். "சம்பந்தி, நாளைக்குக் காலையில வந்து கூட்டிட்டுப் போங்க. மேடம், எங்க வூட்டுக்கும் ஒரு டப்பா குடுங்க."

மாதம்மாள் போனை வைத்துவிட்டு, கத்தி நுனியால் ஆணியிலிருந்த பச்சைப் பெயிண்டைச் சுரண்டினார். புது டப்பாவைத் தன் கையாலேயே மாட்டினார்.

மறுநாள் காலை 10.20, அரூர் பேருந்து நிலையம். இரவு அரூரில் தங்கிவிட்டு, சேலம் பேருந்துக்கு நின்றிருந்தேன். மாதம்மாள் மகளைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார். மகளின் இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். என்னைப் பார்த்ததும் மாதம்மாள் கத்திச் சொன்னார்: "மேடத்துகிட்ட சொல்லிடுங்க, டப்பா அசையலைங்க!"

பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தது. எழுதிப் பிழைக்கிறவன் நான். அளக்காமலேயே எத்தனையோ விஷயத்துக்குச் சத்தியம் பண்ணியிருக்கிறேன். சேலம் வரை அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். முடியவில்லை.