கழிவு மூட்டையைப் பிரித்தவர்

பாண்டிச்செல்வி சென்ற செவ்வாய்க்கிழமை விடிகாலையில் மாரடைப்பால் இறந்துபோனார். மானகிரியிலிருந்து அவர் மகள் போன் செய்தபோது நான் மில் வாசலில் நெல் லாரிக்கு எடை போட்டுக்கொண்டிருந்தேன். "அம்மா இனிமே வரமாட்டாக மாமா" என்றாள். லாரியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய், அவர் ஓட்டிவந்த இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன்.

கல்லல் சாலையில் இருக்கும் எங்கள் அரிசி மில்லில், அந்த இயந்திரம் வரும்வரை அவரோடு சேர்த்து எட்டுப் பெண்கள் முறத்தில் கல்லும் கறுப்பும் பொறுக்கினார்கள். கேமரா வைத்து அரிசியை நிறம் பிரிக்கும் இயந்திரத்தை இறக்கியதும், மாதக் கடைசியோடு யாரும் வர வேண்டாம் என்று சொன்னேன். மற்றவர்கள் அழுதார்கள். இவர் மட்டும், "மிஷினை யாருண்ணே ஓட்டுறது?" என்றார்.

"என் மச்சினன் பார்த்துக்குவான்."

"அவுகளுக்குப் பச்சரிசி எது, புழுங்கல் எதுன்னு இலையில போட்டாத்தானே தெரியும்!"

எனக்குக் கோபம் வந்தது. வேலையைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

மாதக் கடைசி நாளில், தீவனத்துக்கு விற்க அடுக்கியிருந்த கழிவு மூட்டை ஒன்றைப் பிரித்து, ஒரு முறம் அள்ளி என் மேசையில் வைத்தார். "மாட்டுக்கு நல்லாத்தான் விருந்து வைக்கிறீக." பார்த்தேன். முக்கால்வாசி நல்ல அரிசி. கம்பெனி ஆள் பச்சரிசியை ஓட்டி இயந்திரத்தைச் சரிசெய்துவிட்டுப் போயிருக்கிறான். நாங்கள் அரைப்பதோ புழுங்கல். அதன் இள மஞ்சளைப் பழுது என்று இயந்திரம் தள்ளியிருக்கிறது. முப்பது வருஷம் அரிசி வியாபாரம் செய்தவன், ஒரு மூட்டையைக்கூட நான் பிரித்துப் பார்க்கவில்லை. இயந்திரம் கழிவு என்றதும் கழிவுதான் என்று நம்பிவிட்டேன்.

"மிஷினை எங்களுக்குப் பழக்கிவிடுங்க. பழகுற நாளுக்கும் சம்பளம் போடணும்" என்றார்.

"பழகிட்டு வேற மில்லுக்குப் போயிட்டா?"

"போனாப் போறோம். நீங்க மட்டும் தொழில் பழகுன கடையிலேயே இன்னமும் மூட்டை தூக்கிக்கிட்டா இருக்கீக?"

அன்றே ஒத்துக்கொண்டேன்; யாரையும் நிறுத்தவில்லை. கழிவு குறைந்தது, வெளியூர் ஆர்டர் வந்தது, இரண்டாவது ஷிப்ட் ஓடியது. எட்டுப் பேரில் இரண்டு பேர் கூடுதல் சம்பளத்துக்கு வெளியே போனார்கள். வயிறு எரிந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அவர்கள் இடத்துக்கு இருவரைப் பழக்கியவரும் செல்விதான்.

சாவு வீட்டில் ஒரு மில்காரர் என்னைத் தனியே அழைத்து, "அந்தம்மாவோட ஆளுகளைப் பழக்குற வழக்கமும் போகட்டும்ணே. இப்ப வர்ற மிஷினெல்லாம் தானாவே பழகிக்குது. ஆளைக் குறைங்க" என்றார். அங்கே சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்: குறைக்க மாட்டேன். கடன் வாங்கி எவனும் இயந்திரத்தை இறக்கலாம். அந்த மில்காரரிடமும் அதே இயந்திரம்தான் நிற்கிறது. அவருடைய கழிவு மூட்டையை யார் பிரித்துப் பார்க்கிறார்கள்?

செல்வியின் முறம் எங்கள் இயந்திரத்தின் பக்கத்திலேயே தொங்குகிறது. ஷிப்டுக்கு ஒரு முறை கழிவை அதில் அள்ளிப் பார்த்த பிறகுதான் மூட்டை தைக்கிறோம். அடுத்த மாதம் புது இயந்திரம் இறங்குகிறது. அவரோடு பேசிய பேச்சில் மாற்றமில்லை: வேலையில் நிற்கிற அத்தனை பெண்களுக்கும் பயிற்சி, பழகும் நாளுக்கு முழுச் சம்பளம், பழகிவிட்டுப் போகிறவரிடம் ஒரு ரூபாய் பிடித்தம் கிடையாது.