ஜேசுராஜ் எழுதிய சித்தி

போடி பஜாரில் ஓர் ஏலக்காய்க் கடையில் எடை போடும் வேலை ஜேசுராஜுக்கு. சர்ச்சில் விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை நெருங்கினால் மட்டும் அவர் நாடகக்காரர். சர்ச் வளாகத்தில் சாயங்காலம் போடும் நாடகத்தைப் பதினோரு வருஷமாக அவர்தான் எழுதி வந்தார்.

எழுபத்தொன்றாம் வருஷம் எழுதியதில் ஒரு கொடுமைக்காரச் சித்தி வந்தாள். மூத்தாள் பிள்ளையை அடிப்பதைத் தவிர அவளுக்கு வேறு வேலை இல்லை. அழவேண்டிய இடத்தில் சனங்கள் சிரித்தார்கள். சித்தி வேஷம் கட்டிய தையல்காரர் சுந்தர்ராஜுக்கு ஒரே ஆத்திரம்.

"அண்ணாச்சி, இவ எந்த வீட்டுல இருக்கா? இப்படி ஒரு பொம்பளைய நீங்க பாத்திருக்கீகளா?"

அந்தக் கேள்வி தைத்தது. மறுவருஷம் அதே சித்தியைத் திரும்ப எழுத உட்கார்ந்தார். எத்தனை தாள் கிழித்தும் அவளுக்கு உயிர் வரவில்லை.

அவர் வீட்டிலும் மூத்தாள் பிள்ளை உண்டு. முதல் மனைவி போய்ச் சேர்ந்தபின், மகள் சொர்ணலதாவுக்காகத்தான் ஞானசெல்வியைக் கட்டினார். ஞானசெல்வி கெட்டவள் இல்லை. கோபம் வந்தால் கை ஓங்கிவிடுவாள்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தவர் ஜன்னல் வழியே பார்த்தார். அடி வாங்கி அழுதபடியே தூங்கிப்போன பிள்ளையின் காலை மடியில் வைத்து, ஞானசெல்வி தடித்த இடத்தில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். "ஏன்டி உங்கம்மா மாதிரியே என்னப் பாக்குற? நான் என்ன செய்வேன்?" என்று தூங்குகிறவளிடம் கேட்டாள். பிள்ளை புரண்டதும் காலைச் சட்டென்று கீழே இறக்கினாள். ஜேசுராஜ் சத்தமில்லாமல் தெருமுனை வரை திரும்பிப் போய், பிறகு செருப்புச் சத்தம் கேட்க நடந்து வந்தார்.

அதை அப்படியே எழுதினார்.

நாடகத்தில் அந்தக் காட்சி வந்தபோது கூட்டம் அசையவில்லை. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு ஒருத்தி திரும்பி ஞானசெல்வியைப் பார்த்தாள். அடுத்து இன்னொருத்தி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சொர்ணலதாவும் நிமிர்ந்து பார்த்தாள்.

வீடு வந்ததும் ஞானசெல்வி கேட்டாள்.

"எப்பப் பாத்தீக?"

"ஞானம், அது கதை."

"பேரு வேற. பேச்சு என் பேச்சு."

"உன்னக் கெட்டவளாவா எழுதுனேன்? அங்கன அத்தன பேரும் உனக்காகத்தான அழுதாக."

"அதுதான் எனக்குத் தாங்கல," என்றாள்.

கம்பம் ஊரிலிருந்து நாடகத்துக்கு அழைப்பு வந்தது. அந்தக் காட்சியை எடுத்துவிடும்படி சுந்தர்ராஜிடம் ஜேசுராஜ் கெஞ்சினார். "அத எடுத்தா மிச்சம் என்ன அண்ணாச்சி இருக்கு?" என்றார் அவர். நாடகம் எழுதிய நோட்டு சுந்தர்ராஜிடம்தான் இருந்தது. கம்பத்தில் போட்டார்கள், உத்தமபாளையத்தில் போட்டார்கள். ஜேசுராஜ் எதற்கும் போகவில்லை.

ஞானசெல்வி அதன்பின் பிள்ளையை அடிக்கவில்லை. தொடவும் இல்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள். சடை பின்னிவிட மட்டும் பக்கத்து வீட்டு ராஜாத்தியிடம் அனுப்பினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சொர்ணலதா அடுப்படிக்குப் போய், ஞானசெல்வி தன் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த பீங்கான் தட்டை எடுத்தாள். சித்தி திரும்பும்வரை காத்திருந்து, அவள் பார்க்கும்போதே கீழே போட்டாள். முன்பு அடி விழுந்த காலைச் சற்று முன்னே நீட்டியபடி நின்றாள்.

ஞானசெல்வி விளக்குமாற்றை எடுத்தாள். சில்லுகளைக் கூட்டி முறத்தில் அள்ளிக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். ஜேசுராஜ் வாசற்படியில் நின்று பார்த்தார். பிள்ளை அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது.